மணியோசையும் மனப்பாடமும்

1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முத்துக்குளித்துறை என வழங்கும் பாண்டிநாட்டுக் கடற்கரைச் சிற்றூர்களில் ஒரு புதிய ஓசை கேட்கத் தொடங்கிற்று. சிறு கைமணி ஒன்றை அசைத்தவண்ணம் அயல்நாட்டுத் துறவி ஒருவர் தெருத்தெருவாக நடந்தார். ஓசை கேட்டுச் சிறுவர் திரண்டனர். பெரியோர் பலரும் உடன் சேர்ந்தனர். கூடியவர்களுக்கு அவர் உரை நிகழ்த்தவில்லை, கதை கூறவுமில்லை. தாம் நெட்டுருச் செய்திருந்த தமிழ்த் தொடர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவர்தாம் பிரான்சிஸ் சவேரியார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழியறியாத ஆசிரியர், பொருளறியாத மாணாக்கருக்கு மனப்பாடம் செய்வித்த இந்நிகழ்ச்சி, வழிபாடும் கல்வியும் ஒன்றுகூடி ஒரு சமூகத்தின் நினைவை ஆக்கிய வரலாற்றின் தொடக்கமாகும்.

இவ்வூர்களில் வாழ்ந்த பரதவர் முத்துக்குளித்தலையும் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்டவர். முத்துத் தொழிலின் உரிமை பற்றி முஸ்லிம் வணிகர்களோடு எழுந்த பூசலில் போர்த்துக்கேயரின் துணையை நாடிய அவர்கள், 1535-க்கும் 1537-க்கும் இடையில் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் தொகை ஏறக்குறைய 20,000 என்பர். பாதுகாப்பு வேண்டி நேர்ந்த மதமாற்றம் அது. திருமுழுக்கு அளித்த குருமார் திரும்பிச் சென்றனர், கற்பிப்பார் எவருமிலர். சவேரியார் வந்து அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றி வினவியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் விடை கூற இயலவில்லை என்பதை 1542 அக்டோபரில் அவர் எழுதிய மடலால் அறிகிறோம். பெயர் இருந்தது, பெயருக்கு உள்ளீடாகச் சொல் இல்லை.

அச்சொல்லை உண்டாக்குவதே முதல் வேலையாயிற்று. தமிழும் போர்த்துக்கேயமும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரைத் தூத்துக்குடியில் கூட்டிவைத்து, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மரியன்னையை வாழ்த்தும் செபம் முதலியவற்றைத் தமிழாக்கினார். பின்னர் அவற்றைத் தாமே மனத்திற்கொண்டு, மணியுடன் வெளிவந்தார். நாள்தோறும் இருமுறை சிறுவர்க்குப் பாடம். ஞாயிறுதோறும் ஆண், பெண், முதியோர், இளையோர் அனைவருக்கும் பாடம். ஒவ்வொரு தொடரையும் அவர் சொல்ல, கூட்டம் முழுவதும் உரத்த குரலில் திருப்பிச் சொல்லும். ஏறக்குறைய ஒரு திங்களில் சிறுவர் பாடத்தை முடித்துவிடுவர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து தம் துறவுச் சபையினர்க்கு வரைந்த நெடுமடலில் இம்முறையை அவரே விரித்துரைக்கிறார். ஓர் ஊரைவிட்டு நீங்கும்போது செபங்களை எழுத்தில் வைத்துச் செல்வதும், எழுதத் தெரிந்தவர் படியெடுத்து மனனம் செய்து நாள்தோறும் ஓதவேண்டும் என்று பணிப்பதும் அவர் வழக்கம்.

இதே மணி, இங்கு வருமுன் கோவாவின் தெருக்களில் ஒலித்தது. பின்னர் 1545-இல் மலாக்காவிலும் ஒலித்தது. மலாக்காவில் அவர் தங்கிய நாட்களில் செபங்களை மலாய் மொழியில் ஆக்குவித்ததும், சிறுவரைக் கூட்டி ஓதுவித்ததும், இரவில் மணியடித்து இறந்தோரின் ஆன்மாக்களுக்காகச் செபிக்குமாறு ஊராரை நினைவூட்டியதும் வரலாற்றில் உள்ளன. மலாக்காக் குன்றின்மீது இன்று கூரையின்றி நிற்கும் புனித பவுல் கோயிலைக் காண்போர், தமிழ்க் கடற்கரையில் உருப்பெற்ற ஒரு கல்விமுறையின் அடுத்த நிலையம் அது என்பதையும் எண்ணிப்பார்க்கலாம்.

மனப்பாடக் கல்வியை மேனாட்டார் இங்குக் கொணர்ந்தனர் என்று கொள்வது தவறு. தென்னாட்டார் அதில் நெடுங்காலம் தேர்ந்தவர். 1623-இல் கன்னட நாட்டு இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முன்றிலில் சிறுவர் நால்வர் ஆசிரியர் அருகில் இல்லாமலே கணக்கைப் பாட்டாகப் பாடி, மணலில் விரலால் எழுதி, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டதைக் கண்டு வியந்து எழுதினார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறைசொல்ல மற்றவர் தொடர்ந்து சொன்னதும், எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்ததும் இந்நெறியே. ஏடு நினைவுக்குத் துணையே அன்றி மாற்று அன்று என்பது அப்பள்ளிகளின் அடிப்படை. ஆகவே மணியோசைக்குப் பின்வந்த ஓதல், கேட்டவர் செவிக்கு அயலாகத் தோன்றியிராது.

புதுமை வேறு இரண்டிடங்களில் இருந்தது. திண்ணைப் பள்ளி, பொருள் கொடுத்துப் பயில்வோர்க்கு உரியது. அங்கே கற்ற எழுத்தும் எண்ணும் பிழைப்புக்குப் பயன்பட்டன. மணியோசையோ தெருவில் உள்ள பிள்ளை அனைவரையும் அழைத்தது. பயின்றதற்குச் சந்தையில் விலை இல்லை. ஓர் ஊர் முழுவதும், வறியர் செல்வர் என்னும் வேறுபாடின்றி, ஒரே சொற்களை ஒரே வரிசையில் நெஞ்சில் வைத்திருத்தல் என்பது அக்கடற்கரைக்குப் புதிய நிலைமை.

மற்றொரு புதுமை இன்னும் ஆழமானது. சிறுவர் தாம் பயின்றவற்றைத் தம் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்கவேண்டும் எனச் சவேரியார் ஏவினார். நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்பு மிகுதியாக வந்தமையால், தமக்கு மாறாகச் சிறுவரை அனுப்பி, படுக்கையருகே செபங்களை ஓதச் செய்தார். பாட்டன் சொல்லப் பேரன் கேட்பதே உலகத்து இயற்கை. இங்கே பேரன் சொல்ல, பாட்டன் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொன்னான். குடும்பத்தின் நினைவு மேலிருந்து கீழ் ஒழுகுவதற்கு மாறாகக் கீழிருந்து மேலேறியது. வீட்டில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்பதையே இது மாற்றிவிடக்கூடியது.

மாற்றியதன் கடுமையான விளைவையும் மறைத்தற்கில்லை. பழைய தெய்வ உருவங்களை எவரேனும் வணங்கினால் சிறுவர் ஓடிவந்து தெரிவித்தனர் என்றும், தாம் அச்சிறுவரைக் கூட்டிக்கொண்டு அவ்விடம் சென்றதாகவும், அவர்கள் உருவங்களை எடுத்து நொறுக்கி, உமிழ்ந்து, காலால் மிதித்தனர் என்றும் சவேரியார் தம் மடலில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். இதனை இன்று படிப்பவர் எச்சமயத்தவராயினும் நெஞ்சு துணுக்குறுவர். அவ்வுருவங்களில் சில, அச்சிறுவரின் சொந்தப் பாட்டியர் விளக்கேற்றியவையாக இருந்திருக்கலாம். ஒன்றை நினைவில் பதிப்பதும் மற்றொன்றை அழிப்பதும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளாயின. இரண்டையும் செய்யும் கருவியாகப் பிள்ளைகளே அமைந்தனர். சவேரியாரின் தன்னலமற்ற உழைப்பைப் போற்றும் நூல்கள் பல இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. கடந்துவிடுதல் வரலாற்றுக்கு நன்றன்று.

தமிழாசிரியர்கள் தனியே நின்று கருதத்தக்க செய்தி ஒன்றும் அக்காலத்து மடல்களில் உளது. கடற்கரையில் தமக்குத் துணையாகப் பணியாற்றிய மான்சிலாஸ் என்பாருக்கு 1544-இல் சவேரியார் எழுதிய மடல் ஒன்று, விசுவாச அறிக்கையில் நேர்ந்துவிட்ட ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைத் திருத்தச் சொல்கிறது. ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று அமைந்துவிட்டது. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிப்பதாகையால் அதனை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை இடுக என்பது அதன் கருத்து. இயேசு பாடுபட்டதைச் சொல்லும் இடத்திலும் ஒரு சொல் குறைபட்டிருந்தது. அவர் தம் இசைவோடு துன்புற்றார் என்பதற்கு மாறாக, பிறரால் வலிந்து துன்புறுத்தப்பட்டார் என அது பொருள்பட்டது.

ஆக, செபங்கள் வகுக்கப்பட்ட நாள்முதல் இம்மடல் வந்த நாள்வரை, அக்கடற்கரையின் பிள்ளைகள் கடவுளை நம்புவதாகச் சொல்லவில்லை. கடவுள் தங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவந்தனர்! ஒருவகையில் நோக்கின், முத்துக்குளிக்கும் ஏழைகளின் உண்மையான மனநிலைக்கு அப்பிழையே நெருங்கியதோ என எண்ணத் தோன்றும். அது நிற்க. ஏட்டில் ஒரு சொல்லை அடித்துத் திருத்த ஒரு நொடி போதும். ஓராண்டுக்கு மேல் பல ஊர்களில், ஒரே இசையில், கூட்டமாக ஓதிப் பதிந்த சொல்லைத் திருத்துவது அத்தகையதன்று. வாய்பாட்டைப் பிழையாக நெட்டுருச் செய்துவிட்ட மாணவனைத் திருத்த முயன்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஆயினும் திருத்தம் வெற்றிபெற்றது. ‘விசுவசிக்கிறேன்’ என்னும் வழக்கு, தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபநூல்களில் நிலைபெற்றுப் பல தலைமுறை நாவில் வாழ்ந்தது. தமிழில் ‘நம்பு’ என்னும் எளிய சொல் இருக்க, வடசொல் ஏன் தேரப்பட்டது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

(சவேரியார் மான்சிலாஸுக்கு மடல் விடுத்த ஊர்களுள் ஒன்று மணப்பாடு. மனப்பாடத்தால் பெயர்பெற்ற வரலாற்றில் இப்படி ஓர் ஊர்ப்பெயர் வந்து சேர்ந்தது தற்செயலே.)

ஆசிரியர் ஊர்விட்டு ஊர் சென்றால் பாடம் நிற்குமே என்ற கவலைக்குத் தீர்வாக, ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை நியமித்தனர். அவர் கணக்கப்பிள்ளை எனப்பட்டார். ஊர்க் கணக்கு எழுதுவோரைக் குறித்த பழஞ்சொல், இங்கே செபம் சொல்லிக்கொடுப்பவரையும், பிறப்பு இறப்புகளைக் கவனிப்பவரையும், குரு இல்லாதபோது வழிபாட்டை நடத்துபவரையும் குறிக்கலாயிற்று. சொல் பொருத்தமாகவே அமைந்தது. ஊரின் நினைவைக் கணக்கு வைப்பவர் அவரன்றோ? இவர்களுக்குரிய ஊதியம் வந்த வழி சுவையானது. இக்கடற்கரை வருவாயில் ஒரு பகுதி போர்த்துக்கல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அரசிக்கு எழுதி, அப்பணத்தை ஊர்ப்பிள்ளைகளின் ஆசிரியர்களுக்காகப் பெற்றார். அரசியின் காலணி தமிழ்ப்பிள்ளைகளின் கல்விச்செலவை ஏற்றது!

இத்தகைய ஏற்பாடு எவ்வளவு தேவை என்பது விரைவில் புலப்பட்டது. 1544-இல் வடுகர் படை கன்னியாகுமரியை அடுத்த கரையூர்களைத் தாக்கியபோது, மக்கள் உடைமைகளை விட்டோடிக் கடலிடைப் பாறைகளில் ஒதுங்கினர். பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தினர். உணவுப்பொருள் ஏற்றிய தோணிகளோடு சவேரியார் அவர்களிடம் செல்ல முயன்றார். ஓலைக்குடிசையும் ஓலைச்சுவடியும் தீக்கிரையாகும் வாழ்க்கையில், மனத்தில் உள்ளது ஒன்றே ஓடும்போது உடன்வரும்.

சவேரியாருக்குப் பின் வந்தவருள் தலையாயவர் அந்திரிக் அடிகளார். போர்த்துக்கலில் பிறந்த இவர் 1547-இல் இக்கரைக்கு வந்து, 1600-இல் புன்னைக்காயலில் மறையும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழ் மக்களிடையே வாழ்ந்தார். முன்னவர் தமிழை ஒப்பித்தார். இவர் தமிழைக் கற்றார். போர்த்துக்கேய மொழியில் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசினார். முன்னைய செபங்களின் குறைகளைக் களைந்தார். ஒப்பித்தால் மட்டும் போதாது, பொருள் உணரவேண்டும் என்பதே இவருடைய கொள்கை. அதன் விளைவாகவே தமிழ் அச்சேறியது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ ஆகியவை அச்சாயின. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ் என்னும் பெருமையைப் பேசுவோர் பலர். அம்முதல் நூல் எதற்காக அச்சேறியது என்பதை எண்ணுவோர் சிலரே. மனப்பாடத்துக்காகவே அது அச்சேறியது. கடற்கரைப் பிள்ளைகளின் நாவில் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளாகப் புழங்கியவகைச் சொற்களே தாளில் இறங்கின.

1579-ஆம் ஆண்டு நூல், ஆசிரியன் வினவ மாணாக்கன் விடைகூறும் உரையாடலாக அமைந்தது. கூட்டமாகத் திருப்பிச் சொல்லும் முறையிலிருந்து இது ஒரு படி மேலானது. விடை முன்னரே வகுக்கப்பட்டதேயாயினும், வினா என ஒன்று எழுந்துவிட்டால் எண்ணத்துக்கு ஒரு சிறு வாயில் திறக்கிறது. வினாவிடை நூல்கள் பிற்காலத்தில் தமிழில் எல்லாச் சமயத்தாராலும் எழுதப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பாதிரிமார்க்கு எதிராகச் சைவத்தைக் காக்க எழுந்தபோது கைக்கொண்ட கருவிகளுள் ‘சைவ வினாவிடை’யும் ஒன்று.

‘அடியார் வரலாறு’ மற்றொரு வகையில் நினைவை வகுத்தது. ஆண்டின் நாட்களைப் புனிதர்களின் நாட்களாக்கி, எந்நாளில் எவரை நினைக்கவேண்டும் என்பதைக் காட்டிற்று. மக்கட்பெயர்களும் மாறின. பர்னாந்து, ரொட்ரிகோ, கொரேரா, மச்சாது முதலிய போர்த்துக்கேயக் குடிப்பெயர்கள் இன்றளவும் அக்கரையில் வழங்குகின்றன. ஒருவன் பெயரைக் கேட்ட அளவில் அவன் முன்னோர் திருமுழுக்குப் பெற்ற காலம் நினைவுக்கு வருமாறு செய்த ஏற்பாடு அது.

இந்நினைவுக்குத் தேர்வு 1658-இல் வந்தது. அவ்வாண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். சீர்திருத்தச் சமயத்தினராகிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர், கோயில்களைத் தமதாக்கிக்கொண்டனர். பால்தேயு என்னும் ஒல்லாந்தப் போதகர் தூத்துக்குடிப் பரதவரிடையே போதித்துப் பார்த்தார், பயன் விளையவில்லை. உள்நாட்டில் கத்தோலிக்கக் குருமார் இருந்தமையால் அம்மக்களுக்கு ஓரளவு துணையுண்டு. யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. அங்கே குருவுக்கு இடமே இல்லை. கோயிற்பற்றுதோறும் ஒல்லாந்தர் பள்ளி நடத்தினர். பிள்ளைகள் வராவிடில் பெற்றோர்க்குத் தண்டம். அங்கும் வினாவிடையே பாடம், மனப்பாடமே முறை. படைக்கருவி ஒன்றே, பிடித்த கை மட்டும் மாறியது. பள்ளியில் ஒரு சமயத்தின் விடைகளையும், கதவடைத்த வீட்டில் மற்றொரு சமயத்தின் செபங்களையும் ஒரே பிள்ளை நெஞ்சில் தாங்கவேண்டிய நிலை, 30 ஆண்டு அளவும் நீடித்தது.

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் அடிகள், கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். வழியில் கொடிய வயிற்றுநோய் அவரை வாட்டியது. நோய் நீங்கியதும், கத்தோலிக்கர் யார் எனக் கண்டறியவேண்டிய சிக்கல் எழுந்தது. கேட்டால் எவரும் சொல்லார். ஒற்றர் என அஞ்சுவர். செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டவர் முகத்தில் என்ன தோன்றுகிறது என்று மட்டும் நோக்கினார். சில வீடுகளில் அவர் தேடியது கிடைத்தது. அவர்களால் அவர் சில்லாலை என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மறைந்திருந்து இரவில் பூசை நடத்தினார். குருவையே கண்டறியாத ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது. ஆயினும் அம்மணிகளை எண்ணிச் சொல்லவேண்டிய சொற்கள் வீடுகளில் அழியாமல் இருந்தன. கணக்கப்பிள்ளையும் பாட்டியும் காத்த சொற்கள் அவை.

புதிய நினைவு இவ்வளவு வேரூன்றியது என்றால், பழையது முற்றும் அழிந்தது என்று கொள்ளலாமோ? முத்துக்குளிப்புக்கு முன் சுறாமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுவோரைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியதாக இருந்தது. தமிழில் அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். சிறுவர் உருவங்களை நொறுக்கிய பின்னும், மூன்று செபநூல்கள் அச்சேறிய பின்னும், ஒல்லாந்தர் வந்து சென்ற பின்னும், மன்னார்க் கடலில் கடல்கட்டி இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்தனர். 1859-இல் இலங்கையைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட எமர்சன் டென்னென்ட், இத்தொழில் ஒரே குடும்பத்தில் வழிவழி வருவது என்றும், அம்மந்திரத்தின் ஆற்றல் ஓதுபவனின் சமயத்தைப் பொறுத்ததாக எவரும் கருதுவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். அந்நாளில் அக்குடும்பத்தின் தலைவராயிருந்து மந்திரம் ஓதியவர் ஒரு கத்தோலிக்கர்.